கமத்தொழிற் பொருளியலை ஆட்டத்தின் மூலம் கற்றல்

1. முன்னுரை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கணக்குப் பார்த்தாற் கவலையே மிஞ்சும், ஆதலாற் கணக்குப் பாராதிருத்தலே நன்று என்று இதற்குப் பொருள்கொள்வோர் பலர். ஆனால் மனத்தை வருத்துவது, அறுவடை முடிந்து சாக்குகள் சந்தைக்குப் போன பின்னர்ப் பார்க்கப்படும் கணக்கேயாம். விதைக்குமுன் பார்க்கப்படும் கணக்கு வருத்துவதில்லை; வழிகாட்டுகின்றது.

மண், விதை, பசளை, பீடை என்பனவற்றைக் கமக்காரர் தம் கண்ணாற் கண்டு அறிவர். பயிர் வாடினால் வாட்டம் தெரியும். இலை மஞ்சளித்தாற் குறை தெரியும். விலையோ அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதன்று. சென்ற போகத்திற் சின்ன வெங்காயம் நல்ல விலை போயிற்று என்று கேள்வியுற்ற ஒருவர், இம்முறை தாமும் கூடுதலாக நடுவோம் என எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்திற் பிழை காண்பதும் அரிது. ஆயின் அதே செய்தியை அதே நாளில் ஆயிரம் வீட்டினர் கேட்டு, ஆயிரம் வீட்டினரும் அதே முடிவுக்கு வருவராயின், கிண்டும் நாளில் வெங்காயம் மலையாகக் குவியும், விலை விழும். விதை வெங்காயத்திற்காக ஈடு வைத்த நகை மீளாது.

இவ்வுண்மையைச் சொற்பொழிவிற் கேட்டவர் தலையசைப்பர். அடுத்த போகத்தில் முன்போலவே நடுவர். கேட்டறிந்ததற்கும் பட்டறிந்ததற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தோட்டத்தில் ஒரு போகத்தைப் பட்டறிவதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வைத்து ஒரு போகத்தை ஆடிப் பார்ப்பதற்கோ அரைமணி நேரமே செல்லும், நட்டப்படுவன புளியங்கொட்டைகளே. கமக்காரர் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் இளங்கமக்காரர் கழகங்களிலும் எளிதில் நடத்தக்கூடிய இரண்டு ஆட்டங்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

2. இம்முறை வந்த வழி

ஆட்டத்தின் மூலம் பொருளியல் கற்பித்தல் விளையாட்டுப் பிள்ளைகளின் வேலையன்று. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வேட் சேம்பர்லின் என்னும் பேராசிரியர் தம் மாணவரை வாங்குவோர், விற்போர் என இரு கூறாக்கி, ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையைக் கொடுத்து, வகுப்பறையையே சந்தையாக்கினார். விற்போர் எவ்விலைக்குக் கீழே விற்கலாகாது, வாங்குவோர் எவ்விலைக்கு மேலே வாங்கலாகாது என்பது அவ்வட்டையிற் குறிக்கப்பட்டிருந்தது. அவர் கண்டவற்றை 1948 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாட்டத்திற் பங்குபற்றிய மாணவருள் ஒருவரான வேர்ணன் சிமித், 1956 ஆம் ஆண்டு முதல் அம்முறையைத் திருத்தி வகுப்பறையிற் பல முறை நடத்தினார். அத்துறையில் அவர் ஆற்றிய பணிக்காக 2002 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பங்காக அளிக்கப்பட்டது.

கமத்தொழிலுக்கென அமைந்த ஆட்டங்களும் உள. வட இந்தியாவின் பீகார்க் கிராமங்களைப் பின்னணியாகக் கொண்டு, கிரகாம் சப்மன் என்னும் ஆங்கிலேயப் புவியியலார் 'பசுமைப் புரட்சி ஆட்டம்' என்பதை ஆக்கினார். அதிற் பங்குபற்றுவோர் கமக்காரக் குடும்பங்களாகி, புதிய நெல்லினத்தை விதைப்பதா, கடன் பெறுவதா, நிலத்தை விற்பதா என்று முடிவு செய்வர். ஆபிரிக்காவிலே தன்சானியா நாட்டின் உசாங்கு என்னும் நெல் விளையும் சமவெளியில், புரூஸ் லாங்போட் என்பார் 'ஆற்றுப்படுகை ஆட்டம்' ஒன்றை அமைத்தார். சரிந்த பலகை ஒன்றின் நடுவே ஆறு. மேலிருந்து உருட்டப்படும் கண்ணாடி உருண்டைகளே நீர். பங்குபற்றுவோர் சிறு குச்சிகளை அணையாக வைத்து உருண்டைகளைத் தத்தம் வாய்க்காலுக்குத் திருப்புவர். மேற்பக்கத்தார் அணைகளை நீட்ட நீட்டக் கீழ்ப்பக்கத்தாருக்கு உருண்டை வாராது. எழுத்தறியாத கமக்காரரும் இதைக் கண்டவுடன் விளங்கிக்கொள்வர்.

நமது நாட்டில் உருண்டைப் பலகை வேண்டியதில்லை. புளியங்கொட்டை, கூழாங்கல், பழைய கடதாசித் துண்டுகள், ஒரு பாய் என்பன போதும்.

3. முதலாம் ஆட்டம்: வெங்காயச் சந்தை

பங்குபற்றுவோர்: 10 பேர். ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர்.

ஒவ்வொருவருக்கும் 4 துண்டு நிலம் உண்டு என்று கொள்ளவேண்டும். முதலாக ஒவ்வொருவருக்கும் 40 புளியங்கொட்டைகள் கொடுக்கப்படும். ஒவ்வொரு போகத்திலும் ஒவ்வொருவரும் தம் 4 துண்டுகளில் எத்தனையில் வெங்காயம் நடுவது, எத்தனையிற் பயறு விதைப்பது என்பதைப் பிறர் அறியாவண்ணம் கடதாசியில் எழுதி மடித்துக் கொடுக்கவேண்டும். இரகசியமாக எழுதுதல் இவ்வாட்டத்தின் உயிராகும். அயலவர் என்ன நடுகின்றார் என்பதை அறியாமலே நாம் தோட்டத்திலும் முடிவு செய்கின்றோம்.

செலவும் வரவும் வருமாறு:

பயறு: ஒரு துண்டுக்குச் செலவு 1 கொட்டை. வரவு எப்போதும் 3 கொட்டைகள்.

வெங்காயம்: ஒரு துண்டுக்குச் செலவு 5 கொட்டைகள். வரவு, பத்துப் பேரும் நட்ட மொத்தத் துண்டுகளின் தொகையைப் பொறுத்தது. மொத்தம்

10 அல்லது அதிற் குறைவாயின் ஒரு துண்டுக்கு 14 கொட்டைகள்;
11 முதல் 16 வரையாயின் 10 கொட்டைகள்;
17 முதல் 22 வரையாயின் 8 கொட்டைகள்;
23 முதல் 30 வரையாயின் 4 கொட்டைகள்;
31 முதல் 40 வரையாயின் 2 கொட்டைகள்.

இவை யாவும் ஆட்டத்திற்காக வகுக்கப்பட்ட எண்களேயன்றிச் சந்தை விலைகள் அல்ல. இவ்வட்டவணையை எல்லோரும் காணச் சுவரில் எழுதி வைக்கலாம், மறைக்கவேண்டியதில்லை. அட்டவணை தெரிந்திருந்தும் தவறு நேர்வதைக் காண்பதே பாடம்.

ஒவ்வொரு போக முடிவிலும் குடும்பச் செலவாக 4 கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். நட்டமடைந்தவரும் உண்ணவே வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவே வேண்டும். முதல் போதாதவர் நடத்துபவரிடம் 4 கொட்டைகள் கடன் பெற்று, போக முடிவில் 5 கொட்டைகளாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆட்டம் தொடங்குமுன் நடத்துபவர் ஒரே ஒரு செய்தியைக் கூறுவார்: "சென்ற போகத்தில் ஒரு துண்டு வெங்காயம் 14 கொட்டைகள் போயிற்று."

4. ஆடும்போது நிகழ்வது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதற் போகத்திற் பெரும்பாலானோர் 14 என்னும் எண்ணை மனத்திற் கொண்டு 3 அல்லது 4 துண்டுகளில் நட்டனர். மொத்தம் 32 துண்டுகள். விலை 2 கொட்டைகளாயிற்று. நான்கு துண்டிலும் நட்டவர் 20 கொட்டைகள் செலவிட்டு 8 கொட்டைகளே பெற்றார்.

இரண்டாம் போகத்தில் அஞ்சியவர்கள் பயற்றுக்குத் திரும்பினர். வெங்காயம் மொத்தம் 8 துண்டுகளே. விலை 14 ஆக உயர்ந்தது. "ஐயோ, இப்போதல்லவா நட்டிருக்கவேண்டும்!" என்று பலர் கூறினர். மூன்றாம் போகத்தில் அவர்கள் மீண்டும் ஓடிவந்தனர், மொத்தம் 30 துண்டுகள், விலை 4.

இவருள் இருவரின் கணக்கை ஒப்பிடுவோம். விலையைத் துரத்தியவர் முதற் போகத்தில் 4 துண்டும் வெங்காயம், இரண்டாம் போகத்தில் 4 துண்டும் பயறு, மூன்றாம் போகத்தில் மீண்டும் 4 துண்டும் வெங்காயம் செய்தார். 40 கொட்டைகளுடன் தொடங்கிய அவரிடம் முறையே 24, 28, 20 கொட்டைகள் இருந்தன. நிதானித்தவர் மூன்று போகங்களிலும் 2 துண்டில் வெங்காயமும் 2 துண்டிற் பயறும் செய்தார். அவரிடம் முறையே 34, 52, 50 கொட்டைகள் இருந்தன. நிதானித்தவர் கூடிய விவேகியென்றோ விலையை முன்னறிந்தவரென்றோ சொல்வதற்கில்லை. அவரும் இரண்டு போகங்களில் விலை வீழ்ச்சியைக் கண்டார். ஆயினும் விலை உயர்ந்த போகத்தில் அவருடைய நிலத்தில் வெங்காயம் இருந்தது. துரத்தியவருடைய நிலத்தில் இருக்கவில்லை. சென்ற போகத்து விலையைத் துரத்துபவர் எப்போதும் ஒரு போகம் பிந்தியே வந்து சேருகின்றார்.

விலையும் விளைவும் இவ்வாறு மாறிமாறி ஏறியிறங்குவதைக் கடதாசியிற் கோடுகளாக வரைந்தாற் சிலந்திவலை போலத் தோன்றும். ஆதலாற் பொருளியலார் இதனைச் 'சிலந்திவலை' என்னும் பெயரால் வழங்குவர். அமெரிக்க விவசாயப் பொருளியலாரான மோடிக்காய் எசெக்கியல் 1938 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதினார். நட்ட பின்னர்க் கிண்டும் வரை காத்திருக்கவேண்டிய பயிர் எதற்கும் இது பொருந்தும். சின்ன வெங்காயம் இரண்டு முதல் இரண்டரை மாதங்களிற் கிண்டப்படும். அக்காலத்துள் விலை மாறினும் நட்டதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தல் இயலாது.

5. உடன்பாட்டுப் போகம்

மூன்று போகங்கள் முடிந்ததும் நடத்துபவர் பத்துப் பேரையும் கூடிப் பேசி உடன்பாட்டுக்கு வருமாறு விடவேண்டும். ஆளுக்கு ஒரு துண்டிலே நட்டால் விலை 14 ஆகுமே என்று ஒருவர் கூறுவார். அப்போது நடத்துபவர் ஒரு புதிய விதியைச் சேர்த்தல் வேண்டும்: "மொத்தம் 16 துண்டுகளோ அதிற் குறைவாகவோ இருப்பின் வெளியூர் லொறி வரும்; விலை 8 இற்கு மேற் போகாது." விலை மிக உயர்ந்தால் வேறு இடத்து வெங்காயம் அவ்விடத்தை நிரப்பும் என்பது இதன் பொருள். அதன் பின்னர் ஆளுக்கு 2 துண்டு என்னும் உடன்பாடே நயமாகத் தோன்றும். அவ்வாறு நட்டால் மொத்தம் 20, விலை 8, குடும்பச் செலவு போக ஒவ்வொருவருக்கும் ஒரு போகத்திற்கு 6 கொட்டைகள் மிஞ்சும். மூன்று போகங்கள் இப்படி நடப்பின் 40 கொட்டைகள் 58 ஆகும்.

இங்குதான் ஆட்டத்தின் கடினமான பாடம் உண்டு. உடன்பாடு வாய்ச்சொல்லே, எழுதுவது இன்னும் இரகசியமே. ஒருவர் மட்டும் சொல் தவறி 4 துண்டிலும் நட்டால் மொத்தம் 22. விலை 8 ஆகவே நிற்கும். அவருக்கு 6 இற்குப் பதிலாக 8 கொட்டைகள் மிஞ்சும். ஒருவரும் பாதிக்கப்படுவதில்லை. ஆயின் அதே எண்ணம் இருவருக்கு வந்தால் மொத்தம் 24. விலை 4 ஆகும். சொல் தவறிய இருவரும் தலைக்கு 8 கொட்டைகள் இழப்பர். சொற்காத்த எண்மரும் தலைக்கு 2 கொட்டைகள் இழப்பர். 'நான் ஒருவன் கூட நட்டால் என்ன' என்று எண்ணிய மூன்றாமவரும் நாலாமவரும் இருப்பின் நிலை இன்னும் கெடும்.

கடதாசிகள் விரிக்கப்பட்டு மொத்தம் வாசிக்கப்படும்போது கூட்டத்திற் சிரிப்பும் சினமும் எழும். அச்சிரிப்பை நடத்துபவர் தடுக்கவேண்டியதில்லை. யார் சொல் தவறினார் என்று விசாரித்தலும் வேண்டாம். ஏன் தவறத் தோன்றிற்று என்று வினவுதலே வேண்டும்.

6. ஆட்டமும் உண்மைச் சந்தையும்

ஆட்டத்தில் விலையைத் தீர்மானிப்பவர் பத்துப் பேர். உண்மையில் ஒரு கிராமம் முழுவதும் கட்டுப்பட்டாலும் விலை அக்கிராமத்தின் கையில் இல்லை. சின்ன வெங்காயம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டுமன்றிப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிப் பகுதியிலும் பிற இடங்களிலும் செய்கைபண்ணப்படுகின்றது. 1999 ஆம் ஆண்டில் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், பல மாவட்டங்களின் மரக்கறி ஓரிடத்தில் வந்து கூடுகின்றது. அங்கு குவியும் தொகை தொலைவிலுள்ள சந்தையின் விலையையும் அசைக்கின்றது.

நாட்டின் கொள்கையும் விலையை மாற்றும். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல வருவாய் கண்டனர். 1977 ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதிப் பண்டங்கள் வந்து குவிந்தன. அவர்களின் வருவாய் குன்றியது. அவர்கள் செய்கைமுறை மாறவில்லை, சந்தை மாறிற்று. 2023 ஆம் ஆண்டு திசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் அனுமதித்தது. அவ்விடைக்காலத்தில் உயர்ந்திருந்த விலையை மட்டும் பார்த்து நடுபவர், ஏற்றுமதி மீளத் திறக்கப்படுமாயின் என்ன ஆகும் என்பதையும் எண்ணவேண்டியவராவர்.

ஆதலால் ஆட்டத்தை இரண்டாம் முறை நடத்தும்போது, போகத்திற்கு ஒன்றாகச் சில 'நேர்வுச் சீட்டுகளை' இழுக்கச் செய்யலாம். 'கப்பல் வந்தது: விலை அரைவாசி', 'கிண்டும் வாரத்தில் மழை: விளைவிற் காற்பங்கு அழுகல்', 'பசளை கிடைக்கவில்லை: விளைவு அரைவாசி', 'பண்டிகைக் காலம்: துண்டுக்கு 2 கொட்டைகள் கூடுதல்' என்பன போல எழுதலாம். பசளைச் சீட்டு மிகையன்று. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டமையால் அவ்வாண்டின் பெரும்போகத்தில் நெல் விளைவு பெரிதும் குறைந்ததைக் கமக்காரர் அறிவர். இச்சீட்டுகளை இழுத்தபின், எல்லா நிலத்தையும் ஒரே பயிருக்கு விடாதிருத்தலின் பயன் சொல்லாமலே விளங்கும்.

7. இரண்டாம் ஆட்டம்: வாய்க்கால் நீர்

இது நெற்செய்கையாளருக்குரியது. சிறுபோகத்திற் குளத்து நீர் போதாதபோது எத்தனை ஏக்கர் விதைப்பது என்னும் வினாவை ஒட்டியது.

பங்குபற்றுவோர் 6 பேர். பாயின் மேற்புறத்தில் ஒரு சிரட்டை, அதுவே குளம். அதில் 24 கூழாங்கற்கள், அவையே நீர். குளத்திலிருந்து கடைமடை வரை ஆறு பேரும் வரிசையாக அமர்வர். யார் எவ்விடம் என்பது சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் 2 வயல்கள். விதைத்த வயல் ஒவ்வொன்றுக்கும் 3 புளியங்கொட்டைகள் செலவு. ஒரு வயலுக்கு 3 கற்கள் கிடைத்தால் 9 கொட்டைகள் வரவு, 2 கற்களாயின் 4 கொட்டைகள், அதற்குக் குறையின் கதிர் பதராகும், வரவில்லை.

முதல் முறை: எல்லோரும் 2 வயல்களையும் விதைத்து, குளத்துக்கு அண்மையிலுள்ளவர் முதலாக வேண்டிய நீரை எடுப்பர். முதல் நால்வர் தலைக்கு 6 கற்கள் எடுக்க, நீர் முடிந்துவிடும். அவர்களுக்குத் தலைக்கு 12 கொட்டைகள் இலாபம். கடைமடையார் இருவருக்கும் தலைக்கு 6 கொட்டைகள் நட்டம். ஆறு பேருக்கும் சேர்த்து மிஞ்சியது 36.

இரண்டாம் முறை: நீதியாகப் பங்கிடுவோம் என்று ஆளுக்கு 4 கற்கள் எடுத்து, வயலுக்கு 2 ஆகப் பாய்ச்சுவர். எல்லா வயலும் அரைகுறையாக விளையும். தலைக்கு 2 கொட்டைகள்; மொத்தம் 12 மட்டுமே. நீரைப் பங்கிட்டனர், ஆனால் நீருக்கேற்ப நிலத்தைச் சுருக்கவில்லை.

மூன்றாம் முறை: 24 கற்களும் 8 வயல்களுக்கே போதும் என்று கணக்கிட்டு, குளத்துக்கு அண்மையிலுள்ள 8 வயல்களை மட்டும் விதைத்து, செலவையும் விளைவையும் ஆறு பங்காக்குவர். மொத்தம் 48 கொட்டைகள், தலைக்கு 8. நம் நாட்டின் பழைய குளக்கட்டுக் கிராமங்களில் 'பெத்ம' என வழங்கிய முறை இதுவே. நீர் குறைந்த போகத்தில் மேல்வயல்களை மட்டும் எல்லோருக்கும் பங்கிட்டுச் செய்தனர். முன்னோர் புளியங்கொட்டையின்றியே இக்கணக்கை அறிந்திருந்தனர்.

இங்கும் ஒரு கடினம் உண்டு. மூன்றாம் முறையில் மேல்வயலார் 12 இற்குப் பதிலாக 8 பெறுகின்றனர். அவர்கள் ஏன் இணங்கவேண்டும்? இவ்வினாவை மறைக்காது கூட்டத்தின் முன் வைக்கவேண்டும். சீட்டுப் போடுமுன், எவ்விடம் கிடைக்கும் எனத் தெரியாத நிலையில், எம்முறையை விரும்புவீர்கள் என்று கேட்டால் அனைவரும் மூன்றாவதையே கூறுவர். சீட்டு விழுந்த பின் மேல்வயலார் தயங்குவர். வாய்க்கால் துப்புரவுக்கும் கட்டுத் திருத்தத்துக்கும் கடைமடையாரின் கையும் வேண்டும். நீர் கிடையாதவர் இரவில் வரம்பை வெட்டின் எவருக்கும் நீர் நிலைக்காது. நீர் நிறைந்த ஆண்டில் எல்லோரும் தத்தம் வயலையே செய்யலாம். இவற்றை அவர்களே பேசி வெளிக்கொணர்தல் நன்று. போகத்துக்கு முன் கூட்டப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னர் இவ்வாட்டத்தை நடத்தினால், கூட்டத்திற் குரல் உயர்வது குறையும், கணக்குப் பேசப்படும்.

8. நடத்துபவர் கவனிக்கவேண்டியவை

(அ) ஆட்டத்திற் பணம் வைக்கலாகாது. பணம் வைத்தாற் சூதாகும், பாடம் மறையும்.

(ஆ) முதலில் விதிகளைக் கூறி, கணக்கிற் சேராத ஒரு போகத்தைப் பயிற்சியாக ஆடவேண்டும்.

(இ) வீட்டுக் கணக்கைப் பெண்களே வைத்திருக்கும் குடும்பங்கள் பல. ஆதலால் அவர்களையும் ஆட்டத்திற் சேர்த்தல் வேண்டும். கணவனும் மனைவியும் வெவ்வேறு கமக்காரராக ஆடினால் வீட்டில் நடக்கும் உரையாடலும் பயனுடையதாகும்.

(ஈ) தோற்றவரை நகைக்கலாகாது. அவர் செய்த தவறு எல்லோரும் தோட்டத்திற் செய்வதே.

(உ) விடையை நடத்துபவர் முந்திக் கூறலாகாது. ஒவ்வொரு போக முடிவிலும் "என்ன நடந்தது? ஏன் நடந்தது? தோட்டத்தில் இவ்வாறு நடந்ததுண்டா? அடுத்த முறை என்ன செய்வீர்கள்?" என்னும் நான்கு வினாக்களே போதும்.

(ஊ) ஆட்டத்துக்குச் செலவிடும் நேரத்தில் அரைப்பங்கையேனும் பேச்சுக்கு ஒதுக்கவேண்டும். பேசப்படாத ஆட்டம் வெறும் பொழுதுபோக்காகும்.

9. பாயிலிருந்து தோட்டத்துக்கு

ஆட்டம் முடிந்த அன்றே ஒவ்வொருவரும் தம் சொந்தப் பயிருக்கு அடக்கவிலை கணக்கிடுதல் வேண்டும். விதை, உழவுகூலி, பசளை, பீடைநாசினி, நீரிறைப்பு எரிபொருள், ஆட்கூலி, குத்தகை, கடன் வட்டி, சாக்கு, ஏற்றுகூலி, தரகு ஆகிய யாவற்றையும் எழுதவேண்டும். குடும்பத்தவரின் உழைப்பையும் கூலியாகக் கணித்தல் வேண்டும்; அது இலவசமன்று. மொத்தச் செலவை எதிர்பார்க்கும் விளைவாற் பிரித்தால் வருவதே அடக்கவிலை. உதாரணமாக, ஒரு தோட்டத்துக்குச் செலவு 200,000 ரூபா, விளைவு 2,000 கிலோ எனக் கொண்டால், அடக்கவிலை கிலோ 100 ரூபா. அழுகலும் கழிவும் போக 1,600 கிலோவே விற்கப்படுமாயின் அது 125 ரூபாவாகும். இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர், சந்தை விலை அதற்குக் கீழே இறங்கக்கூடிய போகம் எது என்று முன்கூட்டியே கேட்பார்.

அதன் பின்னர் அயலவரோடு கலந்துபேசிச் செய்யக்கூடியவை சில உள. நடுகையை ஒரே வாரத்திற் செய்யாது, பருவம் இடங்கொடுக்குமளவிற்குச் சில வாரங்கள் இடைவெளிவிட்டுச் செய்தல். நிலத்தில் ஒரு பகுதியைப் பயறு, உழுந்து, கௌபி போன்றவற்றுக்கு விடுதல். நன்றாக உலர்த்திய வெங்காயத்தைக் காற்றோட்டமுள்ள இடத்திற் கட்டித் தொங்கவிட்டு, ஒரே நாளில் யாவரும் விற்பதைத் தவிர்த்தல். அடுத்த போகத்துக்கு வேண்டிய விதை வெங்காயத்தைத் தாமே வைத்துக்கொள்ளுதல். விலை உயர்ந்த போகத்தில் மிஞ்சியதிற் சிறிதை விலை வீழும் போகத்துக்கெனச் சேமித்தல் என்பனவே அவை. இவற்றுள் எதுவும் விலை வீழ்ச்சியை அறவே தடுக்காது. ஆயின் ஒரு வீழ்ச்சி ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துவதை இவை தடுக்கக்கூடும்.

10. நினைவிற் கொள்ளவேண்டியவை

1. சென்ற போகத்து விலை இப்போகத்து விலையன்று.

2. ஒருவருக்கு நன்மையான முடிவு, எல்லோரும் எடுக்குமிடத்து எல்லோருக்கும் நட்டமாகலாம்.

3. நீர் குறையின் முதலிற் சுருக்கவேண்டியது விதைக்கும் பரப்பு. அதன் பின்னரே பங்கீடு.

4. அடக்கவிலை அறியாது நடலாகாது.

5. தோட்டத்தில் நட்டப்படுமுன் பாயில் நட்டப்பட்டுப் பார்த்தல் மலிவு.

ஆட்டங்களை முதன்முறை நடத்த விரும்பும் சங்கங்கள், தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்தித்து நாள் குறித்துக்கொள்ளலாம். அவர் வரும்போது ஒரு கொத்துப் புளியங்கொட்டையும், கிராமத்திற் சென்ற மூன்று போகங்களில் எப்பயிர் எவ்வளவு செய்யப்பட்டது, என்ன விலை போயிற்று என்னும் குறிப்பும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அக்குறிப்பிலுள்ள எண்களைக் கொண்டே ஆட்டத்தின் அட்டவணையை ஊருக்கேற்பத் திருத்தி அமைக்கலாம். உழுதவன் கணக்குப் பார்க்கட்டும். ஆனால் உழுமுன் பார்க்கட்டும்.